எங்க வீட்டு அம்பாசடரும் செமினார்ல நான் விட்ட ஒரு நாளும்

போன செமஸ்டர் ரிலையபிலிட்டி எலெக்டிவ் எடுத்த மக்களுக்கு என் செமினார் ஞாபகம் இருக்கும். முதல் ஸ்லைடுலயே எங்க வீட்டு வெள்ளை அம்பாசடர் போட்டோவைப் போட்டேன். கிளாஸ் முழுக்க ஒரே சிரிப்பு. "இது கார் இல்லடா, மியூசியம்"னு பின்பெஞ்சுல இருந்து ஒரு குரல். ஆனா கணக்கெல்லாம் போட்டு முடிச்சப்ப கைதட்டினாங்க, இன்டர்னல் மார்க்கும் நல்லாவே வந்துச்சு.

அந்த செமினார்ல ஒரு நாளை மட்டும் நான் விட்டுட்டேன். அதையே கட்டுரையா எழுதிக் கொடுன்னு மேகசின் டீம்ல கேட்டப்ப, விட்ட நாளையும் சேர்த்துத்தான் எழுதுவேன்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன்.

முதல்ல ஊர். எங்க ஊர் கிளாவரை. கொடைக்கானல்னு சொன்னா ஏரி, படகு, ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் ஞாபகம் வரும். அங்க இருந்து பூம்பாறை, கவுஞ்சி, பூண்டின்னு மேற்கால 40 கிலோமீட்டருக்கு மேல போனா ரோடு எங்க ஊர்ல வந்து நிக்கும். அதுக்கு அந்தப் பக்கம் காடு, காட்டைத் தாண்டினா கேரளா. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், மலைப்பூண்டு, இதுதான் பிழைப்பு. பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகும். பஸ் உண்டு, ஆனா அது நம்ம நேரத்துக்கு வராது, அது நேரத்துக்குத்தான் வரும்.

அதனால 2003-ல அப்பா ஒரு கார் வாங்கினார். 1999 மாடல் டீசல் அம்பாசடர், ஐசுசூ இன்ஜின். எங்களுக்கு முன்னாடி ரெண்டு ஓனர். முதல் ஓனர் திண்டுக்கல்ல ஒரு ரிட்டயர்டு ஆபீசர், ரெண்டாவது வத்தலக்குண்டுல ஒரு ஜவுளிக்கடைக்காரர். ரெண்டு பேரும் வண்டியைக் கொடுக்கும்போது ஆளுக்கொரு அறிவுரை சொன்னாங்களாம். ஆபீசர் சொன்னது: "ஓட்டலைன்னாலும் வாரம் ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க." கடைக்காரர் சொன்னது: "சத்தம் மாறினா உடனே பாருங்க, நின்ன பிறகு பாக்காதீங்க." இதுல ரெண்டாவதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

அம்பாசடரோட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை வச்சு இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்துல உத்தரபாராவுல செஞ்ச கார். 1958-ல இருந்து 2014 மே மாசம் வரைக்கும், அதாவது அம்பது வருஷத்துக்கு மேல, பெரிசா உருவம் மாறாம வந்துச்சு. இன்ஜின் மாறுச்சு, விளக்கு மாறுச்சு, அந்த முதுகு மட்டும் மாறவே இல்ல. 2017-ல அந்தப் பேரை மட்டும் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கினாங்க. உருவம் மாறாததுல ஓனருக்கு ஒரு லாபம் உண்டு. பாதி பார்ட்ஸ் எந்த வருஷ வண்டியில இருந்தும் பொருந்தும். உற்பத்தி நின்னு இத்தனை வருஷம் ஆகியும் மதுரையில பழைய பார்ட்ஸ் கடையில கேட்டா, "இருக்கும் தம்பி, உக்காருங்க"ன்னுதான் சொல்றாங்க.

இப்போ பாடத்துக்கு வருவோம். ரிலையபிலிட்டின்னா என்ன? குறிப்பிட்ட சூழ்நிலையில, குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு பொருள் தன் வேலையை ஒழுங்கா செய்யறதுக்கான நிகழ்தகவு. இதுல எல்லாரும் 'காலம்'ங்கிறதைப் பாப்பாங்க, 'சூழ்நிலை'ங்கிறதை விட்டுடுவாங்க. எங்க சூழ்நிலை என்னன்னா, சுமார் 2,000 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடற்கரையை விட கிட்டத்தட்ட 20 சதவீதம் கம்மி. இன்ஜினுக்குக் காத்து பத்தாது, ஏத்தத்துல மூச்சு வாங்கும். தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால ரேடியேட்டர் மூடியில பிரஷர் நிக்கலைன்னா சமவெளியில தாங்குற வண்டி இங்க ஆவி விடும். டிசம்பர், ஜனவரியில விடியக்காலம் ஹீட்டர் பிளக் சூடாகுறதுக்குள்ள நம்ம பல்லு கிட்டிச்சுப் போகும்.

இன்னொரு கணக்கு. ஒரு வண்டியில 100 பார்ட்ஸ் இருக்கு, ஒண்ணு போனாலும் வண்டி நிக்கும், ஒவ்வொண்ணும் 99 சதவீதம் நம்பகமானதுன்னு வைங்க. மொத்த வண்டியோட நம்பகத்தன்மை எவ்வளவு? 0.99-ஐ நூறு தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 37 சதவீதம்தான் வரும். அதனால பழைய வண்டி மக்கர் பண்றது அதிசயம் இல்ல, ஓடுறதுதான் அதிசயம்.

எங்க அப்பா எதையும் காலண்டர் பின்பக்கத்துல எழுதி வைக்கிற ஆளு. எத்தனை மூட்டை கேரட், யாருக்கு எவ்வளவு கடன், எந்த நாள் வண்டி நின்னுச்சு, எல்லாம் அதுல இருக்கும். அந்தக் காலண்டர்களைத்தான் நான் டேட்டாவா எடுத்தேன். சராசரியா 60 நாளைக்கு ஒரு தடவை வண்டி நின்னிருக்கு. சரி பண்ண எடுத்த நேரம் சராசரி அரை நாள். ஃபேன் பெல்ட், டீசல் பைப்புல ஏர், பேட்டரி ஒயர் மாதிரி எல்லாமே ஸ்பேனரும் அப்பாவும் சேர்ந்தா முடியிற வேலை.

இதுக்கு எதிர்ல எங்க ஊர் சித்தப்பா ஒருத்தரோட புது கார். அதுவும் டிக்கி வச்ச ஃபேமிலி செடான்தான். பேரு வேண்டாம். ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் ஒரு நாள் டேஷ்போர்டுல மஞ்சள் லைட் எரிஞ்சது, வண்டி இருபதுக்கு மேல போக மாட்டேன்னுடுச்சு. ஏதோ சென்சார். எங்க ஊர்ல அதைத் தொட ஆள் இல்ல. லாரி வச்சுக் கீழ கொண்டுபோய், பார்ட்ஸ் வந்து, திரும்பி வர 9 நாள்.

ரெண்டுக்கும் அவைலபிலிட்டி போட்டுப் பாத்தேன். அம்பாசடர்: 60-ஐ 60.5-ஆல் வகுத்தா 99.2 சதவீதம். புது கார்: 730-ஐ 739-ஆல் வகுத்தா 98.8 சதவீதம். மியூசியம் ஜெயிச்சிடுச்சு! இங்கதான் கிளாஸ்ல கைதட்டினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே "நன்றி"ன்னு ஸ்லைடை மூடிட்டேன்.

இனி விட்ட நாள்.

2023, நான் ஃபர்ஸ்ட் இயர். ஆயுத பூஜை சமயத்துல இருந்தே பிரேக் பெடல் கொஞ்சம் கீழ இறங்குதுன்னு அப்பா போன்ல சொல்லிட்டு இருந்தார். ரெண்டு தடவை பம்ப் பண்ணினாத்தான் பிடிக்குது, பின் வீல்ல ஆயில் கசியுதுன்னார். வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கும். "தீபாவளிக்கு வர்றப்ப மதுரையில ரப்பர் கிட்டும் ஒரு டப்பா பிரேக் ஆயிலும் வாங்கிட்டு வா. ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேணும், நீ வந்ததும் பாத்துருவோம்." நானும் வாங்கினேன், எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்கூட ஆகல.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில அப்பா கூப்பிட்டார், "நாளைக்குப் பாக்கலாம்ப்பா"ன்னேன். ஞாயித்துக்கிழமை தீபாவளி, போதாததுக்கு உலகக்கோப்பையில இந்தியா நெதர்லாந்து மேட்ச் வேற. திங்கக்கிழமை மழை. "மழை விடட்டும்"னேன். அப்பாவும் வற்புறுத்தல. வண்டிதான் ஓடுதே.

திங்கக்கிழமை ராத்திரி 11 மணி இருக்கும். அம்மா சத்தம் போட்டாங்க. அப்பத்தாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறிப் போச்சு. வலது கையைத் தூக்கினா தொப்புன்னு விழுது. கரண்ட் இல்ல, மழைக்கு செல் டவரும் போயிருந்துச்சு. 108-க்குக் கூப்பிட வழி இல்ல. பக்கத்து வீட்டு மாமாவோட பிக்கப் கேரட் லோடோட சந்தைக்குப் போயிருந்துச்சு. சித்தப்பாவோட கார், அந்த ஒன்பது நாள்ல ஒரு நாள் அது, கீழ ஷெட்ல நின்னுச்சு.

அம்பாசடர் மட்டும்தான் இருந்துச்சு. அப்பா ஏறி உக்காந்து ஹீட்டர் போட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் செல்ஃப்லயே எடுத்துச்சு. அப்புறம் பிரேக்கை மிதிச்சுப் பாத்தார். மறுபடி மிதிச்சார். மூணாவது தடவையும் மிதிச்சார். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தார். முன்னாடி ஹெட்லைட்டு வெளிச்சத்துல பனிமூட்டத்தைத் தவிர ஒண்ணுமே தெரியல.

அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார். "இந்த மழையில, இந்தப் பிரேக்க வச்சுக்கிட்டு இறக்கத்துல போனா எல்லாரையும் கொன்னுருவேன்டா. விடியட்டும்."

விடிஞ்சு அஞ்சரைக்குக் கிளம்பினோம். முதல் கியர், ரெண்டாவது கியர் தவிர வேற போடல. கொடைக்கானல் போய்ச் சேர எட்டு மணி ஆச்சு. அங்க பாத்துட்டு ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" பதினொண்ணுன்னு சொன்னோம். அவர் கடிகாரத்தைப் பாத்தார், வேற ஒண்ணும் சொல்லல. மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்ங்கிறது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ராத்திரியே கிளம்பியிருந்தா? கொடைக்கானலுக்கு ரெண்டு மணி நேரம், மலை இறங்கி காட்ரோடு தாண்டி ஆஸ்பத்திரி சேர இன்னும் ரெண்டரை. கூட்டிப் பாத்தா சரியா நாலரை. ஊசி போட்டிருப்பாங்களோ இல்லையோ, யாருக்குத் தெரியும். அந்த 'ஒருவேளை'யை நான் எத்தனையோ தடவை கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன்.

அப்பா அன்னைக்கு எடுத்த முடிவு சரிதான். பிரேக் ஆயில் வருஷக்கணக்கா மாத்தாத ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கிறப்ப 205 டிகிரிக்கு மேல கொதிக்கணும், ஈரம் ஏறினா அந்த அளவு 140-க்கு வந்துடும். இறக்கத்துல டிரம் சூடாகி ஆயில் கொதிச்சா, பைப்புக்குள்ள ஆவிதான் இருக்கும். மிதிச்சா பெடல் தரை தொடும், வண்டி நிக்காது. போதாததுக்குக் கசிவு வேற. தப்பு அந்த ராத்திரி நடக்கல, சனிக்கிழமை காலையிலயே நடந்து முடிஞ்சிடுச்சு.

அப்பத்தாவை வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாள் நானும் அப்பாவும் பிரேக் வேலை பாத்தோம். அவர் பெடல்ல, நான் வீலுக்குக் கீழ. "மிதி... பிடிச்சுக்கோ... விடு." வேற ஒரு வார்த்தை பேசிக்கல. நாலு வீலும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆச்சு. மேட்ச்ல ஒரு இன்னிங்ஸ் பாக்குற நேரம்கூட இல்ல.

இப்போ செமினாருக்கு வாங்க. காலண்டர்ல நவம்பர் 13 எப்படிப் பதிவாகி இருக்கு தெரியுமா? ஒண்ணும் எழுதல. ஏன்னா வண்டி நிக்கல, முதல் செல்ஃப்லயே எடுத்துச்சு. அதனால என் கணக்குல அது 'ஓடுற நாள்'. அந்த ஆயுத பூஜையில இருந்து தீபாவளி வரைக்கும் மூணு வாரமும் 'ஓடுற நாள்'தான். 99.2 சதவீதத்துக்குள்ள அந்த ராத்திரியும் அடக்கம். அந்த கைதட்டை வாங்கினப்ப எனக்கு வயிறு கலங்கினதுக்குக் காரணம் அதுதான்.

பாடத்துல ரிப்பேர் நேரம் வேற, மொத்தமா வண்டி உதவாம கிடந்த நேரம் வேறன்னு ஒரு பகுதி உண்டு. பார்ட்ஸுக்காகக் காத்திருந்தது, ஆளுக்காகக் காத்திருந்தது எல்லாம் ரெண்டாவதுல சேரும். எங்க வீட்டுல பார்ட்ஸ் பையில இருந்துச்சு, ஆளும் வீட்டுலயே இருந்தான். காத்திருந்தது "நாளைக்குப் பாக்கலாம்"ங்கிறதுக்காக மட்டும்தான். ஜவுளிக்கடைக்காரர் ஃபார்முலா எதுவும் இல்லாம இதைத்தான் சொன்னார்.

ரிலையபிலிட்டிக்குத் தமிழ்ல நம்பகத்தன்மைன்னு சொல்றோம். எனக்கு இப்போ அந்த வார்த்தைதான் சரியாப் படுது. ஸ்டார்ட் ஆகுதாங்கிறது வண்டி சொல்லிடும். ராத்திரி 11 மணிக்கு, மழையில, வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு இதை நம்பிக் கிளம்பலாமாங்கிறதை ஓட்டுறவன்தான் சொல்லணும். கம்பெனி நம்மகிட்ட கொடுக்கிறது வண்டியை. அதுக்கப்புறம் அந்த நம்பிக்கையைக் காப்பாத்த வேண்டியது நாமதான்.

2024-ல ஆர்சி புதுப்பிக்கக் கொண்டு போனோம். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் அப்போ 5,000 ஆகியிருந்துச்சு. வித்துடலாமான்னு அப்பா ஒரு தடவை கேட்டார், நான் வேண்டாம்னேன். இன்ஸ்பெக்‌ஷன்ல பிரேக் போட்டுக் காட்டச் சொன்னாங்க. ஒரே மிதியில நின்னுச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பாத்தார், நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்பத்தா இப்போ இடது கையால பூண்டு உரிக்குது. மெதுவாத்தான், ஆனா யாரையும் உதவிக்கு விடாது.

காலண்டருக்குப் பதிலா இப்போ ஒரு நோட்டு போட்டிருக்கோம். தேதி, கிலோமீட்டர், என்ன வேலைன்னு வழக்கமான கட்டங்கள். கடைசியா ஒரு கட்டம் நான் சேர்த்தது: 'ராத்திரி நம்பி ஏறலாமா?' ஒவ்வொரு ஞாயிறும் அப்பா ஓட்டிப் பாத்துட்டு ஆம், இல்லைன்னு எழுதறார். 'இல்லை'ன்னு வந்தா அன்னைக்கே வேலை. நான் ஹாஸ்டல்ல இருந்தா அம்மா பெடல் மிதிக்கிறாங்க.

மக்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்றப்ப ஒண்ணு கேளுங்க. நம்ம வண்டிக்கு பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினோம்? பதில் வர லேட்டானா, லீவுக்குப் போனதும் முதல் நாளே பாத்துடுங்க. அப்படியே இதையும் ஞாபகத்துல வைங்க: முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சு குழறல், இதுல எது தெரிஞ்சாலும் உடனே மணியைப் பாருங்க, உடனே கிளம்புங்க.