கிளாத்தி கடைசியில் வரட்டும்

வண்ணார்பேட்டை, செவ்வாய் இரவு

கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் புதியவர் முதலில் கேட்பது, எந்த முரட்டு மீனோடு எந்த முரட்டு மீன் ஒத்துப்போகும் என்பதுதான். முரடு என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு குணங்களை நாம் போட்டு மூடிவிடுகிறோம். சிங்க மீன் பெரும்பாலும் வம்புக்குப் போகாது. வாய்க்கு அடங்கியதை விழுங்கும், அவ்வளவுதான். கிளாத்திக்கு இடம்தான் தகராறு. அதன் முதுகின் முதல் முள் நிமிர்ந்தால் பின்னாலிருக்கும் சிறு முள் அதைப் பூட்டிவிடும். பொந்துக்குள் புகுந்து இப்படிப் பூட்டிக்கொண்ட கிளாத்தியை வெளியே இழுப்பது பெரும்பாடு. அந்தப் பொந்து அதன் வீடு. தனக்கு இரையே ஆகாத மீனையும் அங்கிருந்து விரட்டும். சிங்க மீனின் விசிறித் துடுப்பைக் கொறித்துக் கந்தலாக்கும். எனவே பெயர்ப் பட்டியலை வைத்து ஜோடி சேர்ப்பதில் பயனில்லை. வாயின் அளவு, ஒளிய இடம், உள்ளே விடும் வரிசை ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

புதன் இரவு

மன்னார் வளைகுடாவில் இந்த மீன்களெல்லாம் கடலடிப் பாறைத் திட்டான ஒரே பாரில் வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்கின்றன, ஆனால் அங்கே தோற்ற மீன் அடுத்த பாருக்கு ஓடிவிடும். நான்கடித் தொட்டியில் தோற்றது கண்ணாடி மூலையில் ஒடுங்கி, தீனிக்குக்கூட வெளியே வராமல் மெலியும். ஒரே அளவு மீன்களாக வாங்கினால் போதும் என்பவர்கள் விழுங்கும் ஆபத்தை மட்டுமே தவிர்க்கிறார்கள். இடச் சண்டை அப்படியே இருக்கும், சமபலம் என்றால் நீளவும் செய்யும். நிறைய மீன்களை நெருக்கி விட்டால் அடி பரவலாகி யாரும் சாகமாட்டார்கள் என்ற வாதம் ஆப்பிரிக்க ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது. நெருக்கத்தில் தண்ணீர் கெட்டால், நன்னீர்த் தொட்டியில் பாதியைக் கொட்டிவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றிவிடலாம். கடல்நீருக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைக்க வேண்டும். 200 லிட்டர் மாற்ற 7 கிலோ. தூத்துக்குடி உப்பளத்து உப்பும் இதற்கு ஆகாது, பாத்தியில் உப்பு விளையும்போதே மக்னீசியம் பெரும்பாலும் கழிநீரோடு போய்விடுகிறது. இறைச்சி தின்னும் மீன்களோ அம்மோனியாவை அள்ளிக் கொட்டுபவை. கூட்டம் சேர்த்துச் சண்டையை அடக்கப் போனால் தண்ணீர் கெடும்.

ஒளிய இடத்துக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் பவளப்பாறையைச் சொல்லும். இங்கே அதைத் தொடக்கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பார்கள் பிழைக்க வேண்டும். காருகுறிச்சியில் கிடைக்கும் மெருகு பூசாத சுட்ட மண்பானைகளைக் கவிழ்த்தும் சாய்த்தும் வைத்தால், மீனுக்கு அதுவே பொந்து.

வெள்ளி இரவு

வரிசைதான் எல்லாவற்றிலும் பெரிது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். நல்ல பாக்டீரியா வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் மீன் விடாமல் ஓட்ட வேண்டும். பிறகு சிங்க மீன். அடுத்து, நண்டு இறால் தின்னும் பனிப்புள்ளி அஞ்சாளை. அதற்கு இடைவெளியில்லாத மூடி அவசியம். கிளாத்தி கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் சிவந்த பல் கொண்ட நைஜர் கிளாத்தி. நடுநீரில் மிதவை உயிர்களைத் தின்று வாழ்வதால் அதற்கு மற்ற கிளாத்திகளின் வெறி இல்லை. ஆரஞ்சு வரிக் கிளாத்தியைத் தனியே வளர்க்கலாம், கூட்டத்தில் விடவே கூடாது. புது மீனை விடும் நாளில் பானைகளை இடம் மாற்றி வைத்தால் பழைய மீனுக்கும் சொந்த இடம் என்று ஒன்று இருக்காது.

புதியவருக்கு இவ்வளவு பெரிய தொட்டியா என்ற கேள்வி நியாயமானது. அவர் மூன்றடித் தொட்டியில் கோமாளி மீனோடு தொடங்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை. சாதுவாகத் தோன்றினாலும் அதுவும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இனம்தான். பெரியது ஒன்று, சிறியது ஒன்று வாங்கினால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். பெரியது நெருங்கும்போது சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடலைக் குலுக்கும். பெரியது ஒரு கணம் நின்று, திரும்பிப் போய்விடும்.