முக்கால் கணக்கு

2024 நவம்பர் 10, ஞாயிறு

லென்ஸ் வாங்கிவிட்டேன். கேனன் 400 எம்.எம்., எஃப் 5.6 எல். யாரோ ஒருவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியபோது கழித்துவிட்டது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோலத்தான். 1987இலிருந்து ஓடிக்கொண்டிருந்த கேனனின் இ.எஃப். மவுன்ட்டுக்குப் போட்டியாக, 2018இல் அவர்களே ஆர்.எஃப். மவுன்ட்டைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து பழைய கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் போரா பஜார் தெருவுக்கு இறங்கி வருகின்றன. மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், கோட்டைப் பகுதியில் இருக்கும் அந்தக் குறுகல் தெருவில் நான் மூன்று ஞாயிறாக அலைந்திருக்கிறேன்.

நாற்பத்தாறாயிரம். அம்மாவிடம் முப்பது என்று சொல்லியிருக்கிறேன்.

150-600 ஜூம்தான் எல்லாரும் சொன்னது. சிக்மாவும் உண்டு, டாம்ரானும் உண்டு, இரண்டிலும் 600 வரை போகலாம், நடுக்கம் தாங்கும் வசதியும் உண்டு. ஆனால் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குர்லா ஸ்டேஷனில் ஏறும் கூட்டத்துக்கு நடுவே நின்று பார்த்தவர்கள் 600 எம்.எம். பற்றிப் பேசமாட்டார்கள். என் 400 ஒன்றேகால் கிலோதான். நடுக்கம் தாங்காது, ஜூமும் கிடையாது. என் கேனன் 1500டி கேமராவின் சென்சார் சிறியது, அதனால் 400 என்பது 640க்குச் சமமான பார்வை தரும். கை நடுங்காமல் இருக்க ஷட்டர் 1/640க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய கணக்கு. நான் 1/1000 வைத்துக்கொள்வேன்.

கடையிலேயே மொபைல் டார்ச்சை எரியவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். 2022இல் வேறு ஒரு கடையில் டார்ச் அடிக்காமல் வாங்கிய 55-250 லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிராக எடுத்த படங்களெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்து வந்தன. தப்பு என்னுடையதுதான் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

லென்ஸுக்கு வீடு கட்டியாயிற்று. மூடி இறுக்கமாகப் பொருந்தும் அரிசி டப்பா, அதற்குள் ஈரப்பத மீட்டர், துணிப்பையில் நீல சிலிகா ஜெல். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நின்றால் போதும். மும்பை மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும், லென்ஸ் எந்த மூலைக்கு?

ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடேற்றினால் மறுபடி நீலம். சூடேற்ற அம்மாவின் தோசைக்கல்லை எடுத்தேன். "ஏய்யா, அது சோறு திங்கிற கல்லுடா!" என்றாள். அவள் சொன்னது சரி. அந்த நீலம் கோபால்ட் உப்பு, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது. ஓட்டை விழுந்த பழைய வாணலி ஒன்றைக் கேமராவுக்கென்று ஒதுக்கித் தந்தாள்.

மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டில் எங்கள் வீடு 225 சதுர அடி. ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்து தூக்கி வரப்பட்டவர்களுக்குக் கொடுத்த அளவு. இந்த இடத்தில் 400 எம்.எம். லென்ஸை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குத் திருப்பினால் சுவரில் மாட்டிய தாத்தாவின் மூக்கு மட்டும் தெரியும். அதற்கும் மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாக வேண்டும், அதைவிடக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. மாடிக்குப் போய்ப் பருந்து பிடித்துப் பழகினேன். தேவ்னார் குப்பைமேடு 1927இலிருந்து இங்கே இருக்கிறது, அதை நம்பிப் பருந்துகளும் இருக்கின்றன. 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். பருந்து திரும்பும் நொடிக்கு முன்னால் ஒன்று, திரும்பிய பின்னால் ஒன்று, நடுவில் இருந்ததை அது கொண்டுபோய்விட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

சிவ்ரி. மான்குர்த்திலிருந்து ஹார்பர் லைனில் நேர் வண்டி. பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் போவார்கள் நம்மூரில். எனக்கு அது பாஸ் போட்ட பாதையில் வருகிறது. மான்குர்த் தாண்டினால் கழிமுகம், வாஷி பாலத்தில் வண்டி ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே சேறு மின்னும், சில நாள் அதில் வெளிர்சிவப்புக் கோடு ஒன்று. தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயத்தை 2015இல் அறிவித்தார்கள், 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஐரோலியிலிருந்து படகில் கூட்டிப்போய்க் காட்டுவதும் உண்டு. எனக்குப் படகுக் காசு லென்ஸில் போய்விட்டது. அதனால் சிவ்ரி ஜெட்டி.

ஏழு மணிக்கு நின்றேன். எதிரே அடல் சேது, 21.8 கிலோமீட்டர் பாலம், பனியில் பாதியோடு முடிந்துபோனதுபோலத் தெரிந்தது. அதற்கும் எனக்கும் நடுவே சேறு, சேறு, சேறு. பறவைகள் அந்தச் சேற்றின் கடைசியில். 400 எம்.எம்.மில் பார்த்தேன், அரிசியில் கிடக்கும் சிவப்புக் கல் அளவு. பெரிதாக்கிப் பார்த்தால் கால் எது, நிழல் எது என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் சேற்றிலிருந்து கானல் எழுந்தது. லென்ஸ் நீளமாக நீளமாகக் காற்றைத்தான் படமெடுக்கிறது. 600 வாங்கியிருந்தால் இன்னும் பெரிய கானல் கிடைத்திருக்கும்.

ஜெட்டிச் சுவரில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த கோலி மீனவப் பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன திதி?" என்றார், பாதி இந்தி பாதி மராட்டியில்.

"தெரியலையே, காகா." மராட்டியில் காகா என்றால் சித்தப்பா.

"பௌர்ணமி. பதினஞ்சுக்கு முக்கால் என்ன?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொன்றேகால்.

"அப்பதான் பர்த்தி. நீ ஏழு மணிக்கே வந்து யாரைத் தேடுற?"

பர்த்தி என்றால் ஓதம் ஏறி நிறைவது. இறங்குவது ஓஹோட்டி. வளர்பிறையோ தேய்பிறையோ, பிரதமையை ஒன்று என்று வைத்து எண்ணி, அந்தத் திதியை முக்காலால் பெருக்கினால் தண்ணீர் நிறையும் மணி. இவ்வளவுதான். நிலவு நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துகிறது, தண்ணீரும் அதன் பின்னாலேயே பிந்துகிறது, திதிக்கு முக்கால் மணி என்று கொங்கணக் கரை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு மூழ்கும், பறவை மேயும் இடம் சுருங்கும், கரைப்பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டே வரும். நான் நாற்பத்தாறாயிரம் கொடுத்து வாங்கிய நெருக்கத்தைக் கடல் தினம் இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது.

பதினொன்றேகால் வரை நிற்கவில்லை. ஞாயிறுதோறும் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் தொடங்கும் முன் வீடு சேரும் பதற்றம்.

2025 ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. அம்மா விடியுமுன் மாட்டுங்கா கோயிலுக்குக் கிளம்பினாள். பதினொன்றுக்கு முக்கால், எட்டேகால். வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில் தண்ணீர் நிறையும் நாள். எனக்கு அலுவலகம். லீவு கேட்கக் காரணம் எழுதினேன், அழித்துவிட்டேன். பூநாரை என்று எப்படி எழுதுவது?

தினசரி காலண்டரில் இனிச் சனி, ஞாயிறில் வரும் ஏகாதசி, துவாதசி எல்லாவற்றுக்கும் பென்சில் வட்டம். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதாக அம்மா அடுத்த வீட்டு அத்தையிடம் சொன்னாளாம். "காகா சொன்னார்" என்றால் மட்டும் இன்னும் சிரிக்கிறாள். காக்கா என்ன சொல்லிச்சு என்கிறாள்.

ஜனவரி 26, ஞாயிறு

துவாதசி. பன்னிரண்டுக்கு முக்கால் ஒன்பது. ஏழரைக்கு ஜெட்டியில் இருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. வாத்துக்கூட்டம் தூரத்தில் பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு. தண்ணீர் சேற்றில் நாக்கு நாக்காக ஏறியது. எட்டேகாலுக்கு முன்வரிசை என்னிடமிருந்து ஒரு கிரிக்கெட் மைதான அகலத்தில். சிறு பூநாரைகள், அலகு கருஞ்சிவப்பு. நடுவில் உயரமாய்ப் பெரிய பூநாரைகள் சில, அவற்றின் அலகு ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி வைத்து, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டுகின்றன. சிவப்பெல்லாம் அப்படித் தின்னும் பாசியிலிருந்து வருவது. சாம்பல் நிறத்தில் நின்றவை இன்னும் போதுமான பாசி தின்னாத இளசுகள்.

முதல் நாற்பது படம் பாழ். வெள்ளை வெளிறி, இறகுக் கோடே இல்லை. கரும்சேறு ஃபிரேமை நிறைத்திருந்ததால் இருட்டு என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தபின் இறகு பிரிந்தது. எஃப் 5.6இல் ஒரு கண் கூர்மையாக இருந்தால் பக்கத்துப் பறவை மங்குகிறது, எஃப் 8 வைத்தேன், ஐ.எஸ்.ஓ. 400. ஒரு படம் தேறியது. கவிழ்ந்த அலகிலிருந்து நீர் ஒழுகுகிறது, துளி துளியாய் எண்ணலாம்.

காகா இருந்தார். திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா இது எங்க எடுத்தது?"

"இங்கதான், இப்பதான்."

"இங்கன்னு எப்படித் தெரியும்? பாலத்தைக் காணோம், என் படகைக் காணோம்."

பதில் சொல்லவில்லை. 400 எம்.எம்.மில் பாலத்துக்கு இடமில்லை என்பது பதிலா என்ன?

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி துவாதசி, இந்தமுறை வளர்பிறை. கணக்குக்கு ஒன்பது. தண்ணீர் கொஞ்சம் தாமதம், காற்று எதிர்ப்பக்கம் என்றார் காகா.

ஒன்பதே காலுக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். கடைசித் திட்டும் மூழ்கியதும் கூட்டம் முழுக்க எழுந்தது. எழுந்து கடல்பக்கம் போகாமல் கரைப்பக்கம் வளைந்து, ஜெட்டிக்கு மேலேயே வந்தது. இறக்கையின் அடிப்பக்கம் சிவப்பு, ஓரம் கறுப்பு, கழுத்து முன்னாலும் கால் பின்னாலும் ஒரே கோடு. ஃபிரேமுக்குள் ஒரு பறவையின் வயிறு வந்தது, அடுத்ததன் கால் வந்தது, முழுப் பறவை ஒன்றுகூட அடங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பெட்டியோடு வந்த 18-55.

ஜெட்டியில் நின்றபடியே 400ஐக் கழற்றினேன். கேமராவின் வாயைக் கீழ்ப்பக்கம் கவிழ்த்துத்தான் லென்ஸ் மாற்றவேண்டும், காற்று வீசும் இடத்தில் மாற்றவே கூடாது. இரண்டும் தெரியும். வானத்தைப் பார்த்தபடி, கேமராவும் வானத்தைப் பார்க்க, மாற்றினேன். 18இல் வைத்து, எஃப் 11, நான்கு முறை அமுக்கினேன். பாலம், நிலக்கரி நிறத் தண்ணீர், துருப்பிடித்த கப்பல், காகாவின் நீலப் படகு, மேலே வளைந்து போகும் கூட்டம்.

சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்தால் நான்கிலும் வலதுபக்க வானத்தில் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. சென்சாரில் தூசி. 400இல் எஃப் 8க்கு மேல் மூடாமல் எடுத்தவரை இந்தத் தொல்லை இல்லை, மூட மூடத்தான் தூசி உருவம் எடுக்கிறது. ப்ளோயர் வாங்கவேண்டும், இருநூறு ரூபாய்.

அம்மா பின்னால் நின்று பார்த்தாள். போன மாதத்துப் படத்தைக் காட்டியபோது ம் என்று போனவள், இதில் நின்றாள். படகைக் காட்டி, "இதுதான் உன் காக்காவோடதா?" என்றாள். பிறகு அந்தப் புள்ளியில் விரலை வைத்தாள்.

"நம்ம பருந்து ஒண்ணு அங்கேயும் போயிருக்கு பாரு."

ஆமாம்மா என்றேன். அந்தப் படத்தில் மட்டும் புள்ளியை அழிக்கவில்லை.