பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? அதுவும் அம்மாவின் சீட்டுப் பணத்தில்? நண்பர்களே, 2024 ஜூனில் எங்கள் வீட்டுக்குப் பழைய கார் வாங்கிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். இதில் அசடு வழிந்தது நானேதான், அதனால் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

எங்கள் வீடு திருவெறும்பூரில். அப்பாயிக்கு வாரம் இரண்டு நாள் தில்லைநகரில் டயாலிசிஸ். ஆட்டோவுக்குப் போக வர 700 ரூபாய். மாதக் கணக்கில் 6,000-ஐத் தொட்டுவிடும். பணம்கூடப் போகட்டும். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அப்பாயிக்கு உடம்பே நிற்காது. காந்தி மார்க்கெட் பக்கம் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் "முருகா" என்று ஒரு முனகல் வரும். அதைக் கேட்டுக் கேட்டு அப்பா ஒருநாள் முடிவெடுத்தார். சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம், கடன் ஒரு லட்சம், ஆக இரண்டரை லட்சம். "மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்டுலயே இருக்கான். வேற யாரைக் கேக்கணும்?" என்றார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. ஐ.சி. என்ஜின் பேப்பரில் நான் வாங்கிய மார்க் எனக்கல்லவா தெரியும்!

நண்பர்கள் குழாம் உடனே கூடியது. "மச்சி, டீசல் எடுடா, மைலேஜ் பிச்சுக்கும்" என்றார்கள். கால்குலேட்டரை எடுத்தேன். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டம். டவுனுக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் 20 லிட்டர், 100 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரூபாய். டீசல் கார் 20 கொடுத்தால் 15 லிட்டர், 92 ரூபாய் வீதம் 1,380. மிச்சம் மாதம் 620 ரூபாய். ஆனால் எங்களுக்குக் காட்டிய டீசல் கார் பெட்ரோல் காரைவிட 90,000 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 12 வருஷம் ஆகும்! டீசல் போச்சு.

அடுத்து மாருதி 800. 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 70,000 ரூபாய்க்குள் கிடைத்தது. ஆனால் அந்த வண்டிக்கு 15 வருஷப் பதிவு முடியப்போகிறது. அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ஆக ஏறியது. விலை குறைவு என்று பார்த்தால் செலவு பின்னால் வரிசையில் நிற்கிறது.

மூன்றாவதாக வந்தது அந்த வெள்ளைக் கார். ஒரு சாயங்காலம் புரோக்கர் ஷெட்டில் பார்த்தோம். கண்ணாடி மாதிரி பாலிஷ். மீட்டரில் 35,000 கிலோமீட்டர். ஏ.சி. ஜில்லென்று அடித்தது. ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போனது. "என்ஜின் ஓ.கே.ப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அப்பாவும் நம்பி 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா கூப்பிட்டார். அவர் ஒரு காலத்தில் மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய ஆள்.

"சந்தையில நிக்கிற மாட்டைப் பாத்துட்டு வந்திருக்கே. கட்டுத்தறியில படுத்துக் கெடக்கையில பாத்தியா?"

"அப்படின்னா?"

"சந்தைக்குக் கொண்டார மாட்டைக் குளிப்பாட்டி, வயிறு முட்டத் தண்ணி காட்டித்தான் நிறுத்துவான். காலையில எழுந்திருக்கிறப்ப பாருடா, காலு நொண்டுதான்னு தெரியும்."

மறுநாள் காலை 6 மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். ஷெட் பையன் சாவியைக் கொடுத்தான். பானட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்தேன். கடகடவென்று ஒரு சத்தம், பின்னால் சைலன்சரில் நீலப் புகை. வால்வு ஆயில் சீல் தேய்ந்திருந்தால் ராத்திரி ஆயில் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும், முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாக வரும். இதை வைவாவில் சொல்லி மார்க் வாங்கியவன் நான்! முந்தின நாள் வண்டியைச் சூடாக்கி வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நான் பானட்டில் கையைக்கூட வைக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. 35,000 கிலோமீட்டரில் அப்படித் தேயுமா?

அப்பாவிடம் போய், "நான் சொன்னது தப்புப்பா" என்று சொல்வது எந்தப் பரீட்சையையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் திட்டவில்லை. அட்வான்ஸில் 3,000 திரும்ப வந்தது. போன 2,000-ஐ இன்றுவரை யாரும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2012 மாடல் வேகன் ஆர். சர்வீஸ் பில் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் வரிசையாக இருந்தது. 998 சி.சி. என்பதால், 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் 1,000 சி.சி.க்குள் வருகிறது. வரி நீங்கலாக 2,094 ரூபாய். அந்தக் கோட்டைத் தாண்டினால் 3,416. பதிவு 2027 வரை இருந்தது. இந்தமுறை காலை ஆறரைக்கே போய்ப் பானட்டைத் தொட்டு, புகையைப் பார்த்து, டிப்ஸ்டிக்கை உருவி, டயர் ஓரத்து நான்கு இலக்க எண்ணையும் படித்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயர் இரண்டு பழசு. கிளட்ச்சும் மேலே பிடித்தது. மறைக்காமல் அப்பாவிடம் சொன்னேன். அந்தச் செலவைக் கழித்துப் பேசி 2,15,000-க்கு முடிந்தது.

ஆனால் நண்பர்களே, தீர்ப்புச் சொன்னது நான் இல்லை. அன்று அப்பாயியையும் கூட்டிப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் அவர் குனியவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. அப்படியே திரும்பி உட்கார்ந்தார். "நாக்காலியில உக்கார்ற மாதிரி இருக்குடா" என்றார். சீட் உயரத்தை நான் எந்தக் காரிலும் அளந்து பார்க்கவே இல்லை!

பேப்பர் வேலையில் அசட்டை வேண்டாம். படிவம் 29, 30-ல் கையெழுத்து, பழைய கடன் இருந்தால் படிவம் 35, பேங்க் தடையின்மைச் சான்று, 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் பெயர் மாற்ற விண்ணப்பம். இவை முடிந்தால்தான் வண்டி உங்களுடையது.

நாளை உங்கள் வீட்டிலும் "நீதான் மெக்கானிக்கல் ஆச்சே" என்பார்கள். காலையில் போங்கள், பானட்டைத் தொடுங்கள், யார் உட்காரப் போகிறார்களோ அவரைக் கூட்டிப் போங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி இப்போதும் காந்தி மார்க்கெட் வழியாகத்தான் போகிறது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. திரும்பி வரும்போது அப்பாயி பின்சீட்டில் தூங்கிவிடுகிறார்.

— இறுதியாண்டு, இயந்திரவியல்