மூன்று அன்னையரும் சுந்தரர் சென்ற வழியும்

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிவரும் நன்னாளில், வடசென்னை அன்பர்கள் தொன்றுதொட்டு மேற்கொள்ளும் ஒருநாள் யாத்திரை ஒன்று உண்டு. காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன். உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன். மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தியாக விளங்கும் இம்மூவரையும் ஒரே பகலில் தரிசிப்பது பெரும் பேறு என்பர் முன்னோர்.

இதற்குச் செவிவழி வரலாறும் உண்டு. அம்பிகையின் திருவுருவம் வடிக்க மலையிலிருந்து உருட்டிய கல் மூன்றாக உடைந்ததாம். மனம் நொந்து உயிர்விடத் துணிந்த சிற்பியின் முன் அன்னை தோன்றி, "மூன்றிலும் என்னையே வடிப்பாய்" என்று ஆணையிட்டாளாம். உடைந்ததையும் விலக்காத கருணை அது.

அத்தகைய ஒரு பௌர்ணமியன்று, இராயபுரத்தைச் சேர்ந்த முதிய தம்பதியர் பேரன் ஓட்டிய காரில் புறப்பட்டனர். பெரியவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 76. கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரிதும் குறுகிவிட்டது. போன பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கவே சொட்டு மருந்து என்று மருத்துவர் கூறியபின், அவர் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். "காணமுடியாதவனுக்குத் தரிசனம் ஏது?" என்பார். அன்று அம்மையாரின் பிடிவாதமே வென்றது.

1856-ஆம் ஆண்டு தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தைக் கடந்ததும், காசிமேட்டின் மீன் வாடையே அவருக்கு இடத்தைச் சொல்லிற்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டக லாரிகளின் இரைச்சல், பின்னர் உப்புக்காற்று. "என்னங்க, கழிமுகப் பாலத்துக்கு வந்துவிட்டோம். படகுகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் மின்நிலையப் புகைபோக்கிகள்" என்று அம்மையார் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தின் கீழே, கடலைத் தேடி வந்த கொசஸ்தலையாறு விரிந்து கிடந்தது.

வடகாஞ்சி எனப் போற்றப்பெறும் மீஞ்சூரைத் தாண்டி, மேலூரில் திருமணங்கீசுவரர் ஆலயத்தை அடைந்தனர். நெல்வயலின் ஈரவாடை காற்றில் கலந்திருந்தது. திருவுடையம்மன் சந்நிதியில் கற்பூரச் சுடர் மட்டும் அவருக்குப் புலப்பட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

உச்சிப்பொழுதுக்குத் திருவொற்றியூர். வள்ளலார் மாணிக்கமாலை சூட்டிய வடிவுடையம்மனை வணங்கியபின், ஆதிபுரீசுவரர் சந்நிதியில் நின்றனர். புற்றுருவான அப்பெருமான் ஆண்டு முழுதும் கவசத்துக்குள்ளேயே எழுந்தருளியிருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் விலகும். "எங்களுக்கும் கவசந்தான் தெரிகிறது, சுவாமி தெரியவில்லை" என்றார் அம்மையார், மிக இயல்பாக. பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

இத்தலத்து மகிழமரத்தடியில்தான் சுந்தரர், சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்தார். சந்நிதியில் சபதம் செய்யும்போது பெருமான் மகிழின் கீழ் எழுந்தருள வேண்டும் என்று அவர் முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சபதம் கேட்கச் செய்தார். வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு மேலிட்டது, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. ஆயினும் அவர் திரும்பவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. பார்வையின்றி அவர் முதலில் சென்று தொழுத தலம் வடதிருமுல்லைவாயில்.

அதே திசையில்தான் பிற்பகலில் கார் சென்றது. மணலியின் ஆலைகளும் மாதவரத்தின் நெரிசலும் பின்னொதுங்க, புழல் ஏரிக்கரைக் காற்று முகத்தில் பட்டது. "அவரை யார் கைப்பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள்?" என்று கேட்டார் பெரியவர். காலையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர். யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டியபோது, வெட்டுண்டு குருதி பெருக்கிய திருமேனி அது. தழும்பு மறையச் சந்தனக் காப்பிலேயே பெருமான் எழுந்தருளியிருக்கிறார். இங்கும் மெய்யுருவைக் காண்பவர் இல்லை. சந்தனத்தைக் காண்பவரே உண்டு. கருவறை முன்னுள்ள எருக்கந்தூண்களைப் பெரியவர் கேட்டு அறிந்துகொண்டார். கொடியிடையம்மன் சந்நிதியில் தீபாராதனை நடந்தபோது, அவர் கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் கைகூப்பி நின்றார். தொண்டைமானுக்குத் துணைபோகக் கிழக்கு நோக்கித் திரும்பிய நந்தியின் எதிரே முழுநிலவு எழுந்திருந்தது.

வெளியே வந்ததும் பேரனிடம், "அடுத்த பௌர்ணமிக்குப் பூண்டி போகலாமா?" என்றார்.

அவர் கேட்டதில் பொருள் இருந்தது. திருமுல்லைவாயிலை விட்டுச் சுந்தரர் அடுத்துச் சென்ற தலம் திருவெண்பாக்கம். அங்கே இறைவன் அவருக்குக் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றையே தந்தார். அம்பிகை மின்னலாய் ஒளிகாட்டி வழிநடத்தினாள் என்பர். 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது அப்பழைய தலம் நீருள் ஆழ, ஊன்றீசுவரரும் மின்னொளியம்பாளும் பூண்டியில் எழுப்பிய புதுக் கோயிலில் குடிகொண்டனர். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் பின்னரே சுந்தரருக்குக் கிடைத்தன.

கண் கிடைக்கும்வரை காத்திராமல், கோலூன்றியேனும் தலந்தோறும் சென்றார் அவர். முதுமையில் கண்ணும் காலும் தளர்ந்த அன்பர்கள், தரிசனம் தமக்கில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டியதில்லை. நாம் காண்பது கவசத்தையும் சந்தனத்தையுமே. நம்மைக் காண்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள். மூன்று அன்னையரின் திருவடிகளே சரணம்.