இறுதி ஆசீருக்குப் பிறகு

அமீரகத்தில் தமிழ்த் திருப்பலி நிறைவேற்றும் குரு, இறுதி ஆசீர் கொடுத்த கையோடு திருவுடைகளைக் கழற்றப் போய்விடக் கூடாது. பாதிப் பணி வாசலில் காத்திருக்கிறது. "சாமி, மந்திரிச்சுக் குடுங்க" என்று வரிசை நிற்கும். ஊர்க்கோவிலில் உப்பு, மெழுகுதிரி, ஜெபமாலை நீட்டுவார்கள். இங்கே கைப்பேசியும் நீளும். திரையில், பிறந்து பத்து நாளான குழந்தை. அப்பா இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. திரைக்கு நேரே சிலுவை வரைவேன். மறுமுனையில் பாட்டி "ஆமென்" என்பார். அடுத்தவர் பாஸ்போர்ட்டோடு நிற்பார்: நாளை ராத்திரி ஃபிளைட், இரண்டு வருஷத்துக்குப் பிறகு லீவு.

வீட்டு வேலை செய்யும் பெண்களை முதலில் அழைப்பேன். அவர்களைத் திருப்பிக் கூட்டிப்போக வெளியே வண்டி நிற்கும். அவர்களுக்கு வாய்ப்பது கால்மணி நேரம்.

மந்திரிப்பதில் அவசரம் ஆகவே ஆகாது. தலையில் கைவைத்து, பேரும் ஊரும் கேட்டு, கொஞ்சம் பேசாமல் நின்றால் போதும். ஏஜெண்டுக்காக வாங்கிய வட்டிக்கடன், மாதக்கணக்கில் வராத சம்பளம், அம்மாவின் டயாலிசிஸ் எல்லாம் தானாக வரும். இந்த வாசல் பேச்சை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து நான் யாரிடமும் வாய் திறக்க முடியாது. வாசலில் கேட்டதற்கு, சொன்னவர் சம்மதித்தால், உடனே உதவிக்கு ஆள் தேடலாம்.

நம் வழிபாடு ஆலய வளாகத்துக்குள்தான். தொழிலாளர் தங்கும் கேம்பில் போய்த் திருப்பலி வைக்க இயலாது. ஆகவே அவர்கள் வந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அந்த வளாகமும் ஒரு கொடை. துபாய் புனித மரியாள் ஆலயம் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் தந்த நிலத்தில் 1967-ல் எழுந்தது. அரேபிய மறைப்பணி நெடுங்காலமாகவே கப்புச்சின் சபையாரின் பொறுப்பு. ஞாயிறு வேலைநாளாக இருந்த காலத்தில் ஞாயிறு வழிபாட்டை இங்கே வெள்ளியன்றே நடத்தினார்கள். உழைப்பாளியின் ஓய்வுநாளுக்குத் திருச்சபை இறங்கி வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்த காரியம். புலம்பெயர்ந்தோருக்கு அவர்கள் மொழி அறிந்த குருக்கள் வேண்டும் என்று பன்னிரண்டாம் பயஸ் 1952-ல் வகுத்த நெறியின் பயனாகத்தான் என் போன்றவர்களும் இங்கே இருக்கிறோம்.

சம்பளம் வராதவர் வாய் திறந்தால், தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் பதிவுசெய்யத் தெரிந்த அன்பிய (பங்கின் சிறு குழு) அண்ணன் ஒருவரிடம் அங்கேயே கைபிடித்து ஒப்படைத்துவிடுவேன். "அடுத்த வாரம் வாப்பா" என்று சொல்வதில்லை. அடுத்த வாரம் அவருக்கு லீவு கிடைக்குமா என்பது அவர் கையில் இல்லை.