மலையிலிருந்து கடல் வரை ஒரு பை நிறையப் புத்தகங்கள்

நாகர்கோவில்,
ஆனி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. உங்கள் கோவையில் குற்றாலச் சாரலைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. குடை இல்லாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. பையில் துணியைவிடப் புத்தகம் அதிகம் என்பதால் எனக்குக் கவலையெல்லாம் அவை நனையாமல் இருக்க வேண்டுமே என்பதுதான்.

இப்போது என்ன படிக்கிறீர்கள், எனக்கு எதைப் படிக்கச் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளும். குமரி மாவட்டத்து நாவல்களை அவை நடக்கிற இடத்திலேயே வைத்துப் படிப்பது என்று முடிவு செய்துதான் இங்கே வந்தேன். காலையில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவது, டீக்கடையிலோ கோயில் வாசலிலோ உட்கார்ந்து நாலு அத்தியாயம் படிப்பது, மாலையில் அறைக்குத் திரும்பி மிச்சத்தை முடிப்பது. வேறு வேலை இல்லை.

வெளியூரில் இவற்றையெல்லாம் ‘நாஞ்சில் நாட்டு எழுத்து’ என்று ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார்கள். நாஞ்சில் நாடு என்பது கிழக்கே இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை என்ற இரண்டு தாலுகாக்கள் மட்டுமே; வயலும் குளமும் உள்ள பகுதி. மேற்கே கல்குளம், விளவங்கோடு. அங்கே மண் வேறு, பேச்சு வேறு, சாப்பாடுகூட வேறு. மாவட்டம் முழுவதும் 1,700 சதுர கிலோமீட்டரைத் தொடாது. அதற்குள் மலை, பனங்காடு, வயல், நகரம், கடற்கரை எல்லாம் அடக்கம். வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாவலாசிரியர் இருக்கிறார், ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் அதிகம் கால் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் குமரி தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேற்கிலிருந்து தொடங்குகிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் சின்ன நாவல். பனைவிளை என்ற கிராமம், பழம்பெருமை தவிர வேறெதுவும் மிஞ்சாத ஒரு கிறிஸ்தவக் குடும்பம், கண்ணப்பச்சி என்ற தாத்தா, லிஸி என்ற பேத்தி. லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்படுகிறது, வீட்டுக்குள்ளேயே வைக்கப்படுகிறாள். அவள் மனம் பனையேறியின் மகன் தங்கராஜிடம் போகிறது. இரண்டு குடும்பமும் ஒரே சாதிதான். ஆனால் பனை வைத்திருப்பவன் பனை ஏறுபவனுக்குப் பெண் கொடுப்பானா? கதை இவ்வளவுதான். ஆசிரியர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் படிப்பின் சாயல் ஒரு வரியில்கூடத் தெரியாது. குரல் உயர்வதே இல்லை. லிஸிக்காக நம்மை அழ வைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை, அதனால்தான் மனசு கனக்கிறது. நான் மார்த்தாண்டம் பக்கம் பனைகளைத் தேடிப் போனேன். ரப்பரும் காங்கிரீட் வீடுகளும்தான் கண்ணில் பட்டன. பனை இருக்கிறது, ஏற ஆள் இல்லை என்றார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்.

ரப்பர் என்றதும் ஜெயமோகனின் முதல் நாவல் ‘ரப்பர்’ நினைவுக்கு வருகிறது, 1990. காட்டை அழித்து ரப்பர் நட்டுப் பெருகிய பெருவட்டர் குடும்பம் எப்படி உள்ளுக்குள் உளுத்துப்போகிறது என்பது கதை. பேச்சிப்பாறைக்குப் போகும் வழியெல்லாம் சிரட்டை கட்டிய ரப்பர் மரங்கள்தான். அந்த நிழலில் வேறெதுவும் முளைப்பதில்லை. பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளரை இங்கே மூக்கன் துரை என்பார்கள். அணையருகேதான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். ‘ரப்பர்’ நல்ல நாவல்தான், ஆனால் முதல் நாவலுக்குரிய அவசரம் அதில் இருக்கிறது. மலையைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் உண்டென்றால் ஜெயமோகனின் ‘காடு’ படியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ‘அறம்’ தொகுப்பில் ‘ஓலைச்சிலுவை’ என்றொரு கதை உண்டு. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சாமர்வெல் அதில் வருகிறார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர். சக மலையேறி மலோரி திரும்பி வராத அந்த 1924 பயணத்தில் அவருக்குத் தன் காமிராவைக் கொடுத்தனுப்பியவர் இவர்தான். அப்பேர்ப்பட்ட ஆள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இங்கேயே கிடந்தார். நெய்யூரில் இறங்கி அந்த மருத்துவமனை வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். கதையை அதற்கு முந்தைய இரவே படித்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நெய்யூருக்கு ஒட்டியே இரணியல். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ முழுவதும் இந்த ஊர்ச் செட்டியார் தெருக்களுக்குள் நடக்கிறது. 1968-இல் வந்தது. உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் ஐம்பது பக்கம் கடினம். பேச்சுமொழி அவ்வளவு அடர்த்தி. சடங்குகள் வேறு, ஒன்று விடாமல் வரும். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும். நான் அப்படித்தான் படிக்கிறேன், அடுத்த அறைக்காரர் என்ன நினைத்தாரோ. உண்ணாமலை ஆச்சியின் குரல் ஒருமுறை காதில் ஏறிவிட்டால் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கதைநாயகன் திரவியின் அக்கா நாகுவை, இவள் பெண்ணே இல்லை என்று சொல்லிக் கணவன் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அந்தப் பழி எப்படி ஒரு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் படிகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதிய நாவல் தமிழில் குறைவு. இதை வைத்து 2010-இல் ‘மகிழ்ச்சி’ என்று ஒரு படம் வந்தது. படத்தைப் பார்த்திருந்தாலும் நாவலைப் படியுங்கள். ஆச்சி முழுதாக இருப்பது நாவலில்தான்.

அங்கிருந்து தேங்காய்ப்பட்டணம். குழித்துறையாறு கடலில் சேருகிற இடம். தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) இந்த ஊர்க் கதைதான். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்றால் ஊரே நடுங்கும். ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருகிறது. அது ஹராம் என்று முதலாளி எதிர்க்கிறார். தன் அதிகாரம் சரிவது அவருக்கே தெரிகிறது, இறங்கி வரத்தான் தெரியவில்லை. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று நெருக்கிக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கோபப்பட வேண்டிய இடத்தில் மீரான் சிரிக்கிறார், அதுவும் தன் ஊரையே பார்த்து. மலையாளத்தில் படித்து வளர்ந்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. விருது நாவல் என்று அதை முதலில் எடுக்காதீர்கள், இதற்குப் பிறகு படித்தால் போதும்.

பள்ளிவாசல் பக்கம் ஒரு பெரியவர் என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்த முதலாளிமாருக்க பேரப்பிள்ளைய எல்லாம் இப்ப கல்ஃபுல இருக்காவ. பள்ளிக்கூடம்தான் ஜெயிச்சுது.” புத்தகத்தைத் திருப்பித் தர அவருக்கு மனசில்லை. கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் உங்களுக்கு வேறு பிரதிதான் வரும்.

மலையாளம் என்றேன் அல்லவா, இங்கே அது பெரிய விஷயம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. சுந்தர ராமசாமி சிறுவயதில் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயது வாக்கில். பிறகு மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘செம்மீனை’யும் ‘தோட்டியின் மகனை’யும் தமிழுக்குக் கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடைக்காதவர்கள் இப்படித் தமிழ் எழுதியிருக்கிறார்கள் என்றால், பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்த நாமெல்லாம் கொஞ்சம் கூச்சப்படலாம்.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நாகர்கோவில் நகரத்தின் நாவல். வேப்பமூடு சந்திப்பைக் காட்டி அந்த மரம் நின்றது இங்கேதான் என்கிறார்கள். இப்போது அங்கே நிற்க முடியாது, நாலு பக்கமும் பஸ் வருகிறது. தாமோதர ஆசான் சொல்லும் பழங்கதைகளில் தொடங்கி, காற்றாடித் தோப்பு அழிந்து பூங்கா வருவது, கடைக்காரர்களின் போட்டி, தேர்தல், பத்திரிகை என்று ஒரு ஊர் நவீனமாகிற விதம் முழுக்க அந்த மரத்தடியில் நடந்து முடிகிறது. மனிதர்களின் சண்டையில் கடைசியில் மரம் சாகிறது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ தான் அவருடைய சாதனை என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ‘ஜே.ஜே’யில் அறிவு மினுங்குகிறது. புளியமரத்தில் ஊர் பேசுகிறது. இதே ஊரில் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் பேச்சைக் கேட்டவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அவருடைய நண்பர் கிருஷ்ணன் நம்பியை விட்டுவிடக் கூடாது. அழகியபாண்டியபுரத்துக்காரர், 1976-இல் நாற்பத்து நான்கு வயது நிறையும் முன்பே போய்விட்டார். ‘மருமகள் வாக்கு’ என்ற ஒரு கதை போதும். தேர்தலில் பூனைச் சின்னமும் கிளிச் சின்னமும் மோதுகின்றன. மாமியார் பூனைக் கட்சி, மருமகளுக்குக் கிளி பிடிக்கும். முடிவைச் சொல்லமாட்டேன். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம், ஆனால் அந்த டீயை அப்புறம் குடிக்கத் தோன்றாது.

கடைசியாக வயற்காடு. சுசீந்திரம், தேரூர், தாழக்குடி, வீரநாராயணமங்கலம். நாஞ்சில் நாடன் பிறந்தது இந்தக் கடைசி ஊரில். இப்போது உங்கள் ஊரில்தான் இருக்கிறார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) உங்கள் அலமாரியில் இருக்கிறது, பார்த்திருக்கிறேன், படித்த தடம் இல்லை. பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத சிவதாணு பணக்கார வீட்டில் பெண் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டாரிடம் மரியாதையை இழக்கிற கதை. தங்கர் பச்சான் ‘சொல்ல மறந்த கதை’ என்று எடுத்தது இதைத்தான். நாவலில் சாப்பாடு வருகிற இடங்களைக் கவனியுங்கள். யார் பரிமாறுகிறார்கள், யாருக்கு முதலில், யார் இலையில் என்ன விழவில்லை என்பதிலேயே பாதிக் கதை நடந்துவிடும். நேற்று இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் தீயலும் அவியலும் பரிமாறும்போது எனக்குச் சிவதாணு நினைப்பாகவே இருந்தது.

தேரூர் கவிமணி பிறந்த ஊர். குழந்தைப் பாட்டு எழுதியவர் என்று நாம் அவரைச் சுருக்கிவிட்டோம். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ படித்துப் பாருங்கள். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிற முறையால் வீடு வீடாக நடந்த கூத்தை ஒரு பெண்ணின் வாயால் சொல்லிச் சிரிக்கச் சிரிக்க அடித்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் பின்னணி வேண்டுமென்றால் அ.கா. பெருமாளின் ‘தென்குமரியின் கதை’ இருக்கிறது. அதை வரிசையாகப் படிக்க வேண்டாம், நாவலில் ஏதாவது இடறும்போது எடுத்துப் புரட்டினால் போதும்.

இந்த வயல்களில் பாதி இப்போது வீட்டுமனை. மிச்சத்தில் தென்னையும் வாழையும் ஏறிவிட்டன. நாஞ்சில் நாடனின் வயலைப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பும்போது ‘புத்தம் வீடு’, ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ‘தலைமுறைகள்’ மூன்றையும் உங்களுக்குக் கொண்டு வருகிறேன். அதே வரிசையில் படியுங்கள். ‘தலைமுறைகளை’ முதலில் எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் கொங்குப் பக்கத்துக்கும் இப்படி ஒரு வரிசை எனக்கு வேண்டும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாளில்’ தொடங்க வேண்டும் என்பது தெரியும். அதற்கு அடுத்து எதெது, எந்த ஊரில் எங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதுங்கள். அடுத்த பயணம் அங்கேதான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்