ஊசியும் நூலும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாட்கள் அந்தச் சாலையில் போய் வருவது 11 ஆண்டுகளாக என் வழக்கம். கிருஷ்ணகிரியில் பெண்களுக்கான மதரஸா ஒன்றில் பாடம் நடத்துகிறேன். என் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஆகவே குடியிருப்பு ஓசூரில். போக வர மூன்று மணி நேரம் பேருந்திலேயே கழிகிறது. வழியில் சூளகிரி வருவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண்கள் உறங்கிவிடுவார்கள். என் மடியில் மட்டும் ஒரு துணி விரிந்திருக்கும். கையில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்.

"கண் கெட்டுப் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. "இத்தனை வேலைக்கு நடுவில் இது எதற்கு?" என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். அந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், என் பிழையொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது திருச்சியில். பி.ஏ. தமிழ் படித்து முடித்த கையோடு திருமணமாகி ஓசூருக்கு வந்தேன். ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெள்ளைக்காரர்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தார்களாம். திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்கு இந்த ஊரின் மார்கழிக் குளிர் தாங்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் கனமான போர்வையொன்றைக் கொண்டு வந்து என்மேல் போர்த்தினார். தெருவே அவரை நானிமா என்று அழைக்கும். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் ஹூப்ளிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர். எல்லை ஊர் அல்லவா! தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் எங்கள் தெருவில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்.

அந்தப் போர்வைக்குக் கன்னடத்தில் கௌதி என்று பெயர். நைந்த பழம்புடவையொன்றை அடியில் விரித்து, அதன்மேல் இரண்டு மூன்று அடுக்குப் பழந்துணி பரப்பி, எல்லாவற்றிற்கும் மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டி, அத்தனை அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு ஓட்டுத் தையல் போட வேண்டும். புதுத்துணி இதற்கு உதவாது. ஊசி இறங்க அடம்பிடிக்கும். நைலக்ஸ் புடவையும் ஆகாது. நழுவும், உடலுக்கும் இதம் தராது. பலமுறை துவைத்து மெலிந்த பருத்தியே சிறந்தது. விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து, நடுவில் முடிக்க வேண்டும். இத்தனையும் நானிமா எனக்குச் சொல்லித் தந்தவை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பட்டம் பெற்ற எனக்கு அவர்தாம் அந்தக் கலையில் உஸ்தாது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹலியாள், எல்லாப்பூர், முண்ட்கோடு வட்டங்களின் காட்டோரங்களில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் முஸ்லிம்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, இந்துக்களும் உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் இவ்வாறே விளிம்பிலிருந்து நடுவுக்குத் தைக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணத் துணிமடிப்பு ஒன்றை வைக்கிறார்கள். அதற்குப் 'பூ' என்று பெயர். பூ இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் வழக்கு. எதுவும் இல்லாமல் வந்த மக்கள், கந்தலிலும் ஒரு பூ வைக்க மறக்கவில்லை!

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மா இறையடி சேர்ந்தார்கள். அத்தா மறைந்தபின் அம்மா என் வீட்டில் சில மாதங்களும், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டில் சில மாதங்களுமாக இருந்து வந்தார்கள். கடைசி நாட்கள் என் வீட்டில் கழிந்தன. அவர்களுடைய தகரப் பெட்டியும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் 14 புடவைகள். பெரும்பாலும் கைத்தறியும் சுங்குடியும்.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஒருநாள் இரவு பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் வாசனை அப்படியே இருந்தது. அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன். பஜ்ருக்கு முன் ஐந்து புடவைகள் துண்டுகளாகிவிட்டன. அம்மாவைப் போர்த்திக்கொண்டு உறங்கலாம் என்ற ஏக்கமே அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. வேறெதுவும் நினைவில் வரவில்லை.

அதன்பின் சில வாரங்கள் வீட்டில் நான் இருந்தும் இல்லாதவளானேன். பேருந்தில் தைத்தது போதாதென்று சமையலறையிலும் தைத்தேன். பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்த மகள் ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, "பரவாயில்லை அம்மா, நீங்கள் தைத்து முடியுங்கள்" என்று சொல்லிப் போனாள். அப்போதாவது நான் நிமிர்ந்திருக்க வேண்டும்.

பிறகு தங்கை வந்தாள். பாதி முடிந்த போர்வையைப் பார்த்தாள். நடுவே இருந்த நீலத் துண்டைத் தொட்டாள். தங்கையின் தலைப்பிரசவத்தின்போது மருத்துவமனையில் குழந்தையை முதன்முதலில் ஏந்திய அம்மா உடுத்தியிருந்த புடவை அது.

"இதை முழுசாக வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

வைத்த தேநீரைத் தொடாமல் புறப்பட்டாள். நான்கு மாதங்கள் பேச்சில்லை. நானோ வாரத்தில் நான்கு நாட்கள் அவள் ஊருக்கே போய் வந்துகொண்டிருந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து பழையபேட்டை எவ்வளவு தூரம்? மனத்தில் வீம்பு இருந்தால் அதுவும் நெடுந்தூரம்தான். 'கிழிந்த பழம்புடவைதானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மதரஸாவில் வாரிசுரிமைப் பாடம் நடந்தது. ஒரு மாணவி எழுந்து, "மௌத்தானவர்களின் பழைய துணிமணிகளுமா பங்கில் சேரும், உஸ்தாபி?" என்று கேட்டாள்.

போரில் கிடைக்கும் பொதுப்பொருளில் ஊசியையும் நூலையும்கூட ஒப்படைத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை எடுத்துச் சொல்லி, பிறர் உரிமை கலந்த பொருளில் சிறியது பெரியது என்ற பேச்சே இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். ஊசி, நூல் என்று சொன்னபோதே என் நாக்கு தடுமாறியது. என் கைப்பையில் அவை இரண்டும் இருந்தன. அம்மாவின் புடவைத் துண்டுகளும் இருந்தன. அவற்றில் தங்கைக்கும் தம்பிக்கும் பங்கு இருந்தது.

லுஹர் தொழுதுவிட்டு நேராகப் பழையபேட்டைக்கு நடந்தேன். மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கும் மைத்துனர் வேலைக்குப் போயிருந்தார். தங்கை கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. நான் துணியை விரித்து வைத்தேன்.

"வெட்டியதை இனி ஒட்ட முடியுமா அக்கா?" என்றாள்.

"முடியாது. அது என் தவறு. உன் ஹக்கை எனக்கு ஹலாலாக்கு" என்றேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்தாள். "இது உன்னைக் கேட்காமல் நான் எடுத்து வைத்துக்கொண்டது" என்று சொல்லிக் கண் கலங்கினாள். அன்றே குவைத்திலிருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் பேசினோம். தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தான். மீதியிருந்த புடவைகளில் இரண்டைத் தங்கை எடுத்துக்கொண்டாள். மற்றவை மூவர் சம்மதத்தோடும் ஏழைகளுக்குப் போயின.

துப்பட்டி போர்வையின் உள்ளடுக்காயிற்று. வியாழன்தோறும் பாடம் முடிந்ததும் தங்கை வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அவள் ஒரு விளிம்பிலிருந்தும் நான் எதிர் விளிம்பிலிருந்தும் தைத்து வந்தோம். ஆறு மாதத்தில் நடுவில் சந்தித்தோம். இன்று அந்தப் போர்வை பழையபேட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறது. என்னிடம் இல்லை. அதுவே முறை என்று எனக்குப் பட்டது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப்புகழ் பெற்றன. அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, 1942-இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். தனியே தைக்கவில்லை, மகளையும் உடன் வைத்துக்கொண்டு தைத்தார். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. துயரம் எனக்கு மட்டும் உரியது என்று எண்ணியல்லவா நான் கத்தரிக்கோலை எடுத்தேன்!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரையொன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை விரும்பாமல் அகற்றியபோது, அன்னையவர்கள் அந்தத் துணியை வீணாக்காமல் ஒன்றோ இரண்டோ தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள் என்று புகாரியில் காண்கிறோம். கிழிந்த துணிக்கும் ஒரு பயன் உண்டு என்பதற்கு இல்லத்தரசிகளாகிய நமக்கு இதைவிட அழகிய முன்மாதிரி வேண்டுமா?

இப்போதும் தைக்கிறேன். ஆனால் சில வரம்புகளை வகுத்துக்கொண்டிருக்கிறேன். பேருந்துப் பயணமே தையலுக்குரிய நேரம். வீட்டு வாசலில் கால் வைத்ததும் பை ஆணியில் தொங்கும். மகள் பேச வந்தால் ஊசி கீழே இறங்கும். யாருடைய துணியானாலும் கேட்காமல் கத்தரி படாது. சாலை குண்டும் குழியுமான இடங்களில் என் தையல் கோணலாகவே விழுகிறது. அவற்றைப் பிரித்துத் திருத்துவதில்லை. மனிதர்களிடையே விழுந்த கோணலை மட்டும் உடனே பிரித்துத் தைத்துவிட வேண்டும். நாளானால் நூல் இறுகிவிடும்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு தாயின் புடவை இருக்கக்கூடும். அதைத் தைப்பதானாலும் தானம் செய்வதானாலும், முதலில் உடன்பிறந்தவர்களை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உறவுகளைப் பிணைத்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.